கோடு போடுகிறவர் கோடு பார்க்கப் போனது

என் அண்ணன் இரத்தினசிங்கம் முப்பத்தொரு வருடமாகத் திருகோணமலையில் உதைபந்து மைதானத்துக்குக் கோடு போடுகிறவர். ஆட்டம் உள்ள நாட்களில் அன்புவழிபுரத்திலிருந்து விடியவே சைக்கிளில் போய், முளையடித்துக் கயிறு கட்டி, அடியில் ஓட்டை போட்ட பால்மாத் தகர ரின்னைத் தட்டித் தட்டிச் சுண்ணாம்புத்தூளைக் கொட்டிக்கொண்டு பின்பக்கமாக நடப்பார். கடற்காற்று பாதியை அள்ளிக்கொண்டு போகும். மீதியில் ஊருக்குள் திரியும் மான்கள் நடக்கும். மிச்சத்தை ஆட்டக்காரர்கள் அரை மணித்தியாலத்தில் துடைத்துவிடுவார்கள். இடைவேளையில் மனுசன் மறுபடியும் ரின்னோடு இறங்குவார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. பெரிய மைதானங்களில் அழியாத கோடு எப்படிப் போடுகிறார்கள் என்று ஒரு நாளாவது நேரில் பார்க்க வேண்டும். தொலைக்காட்சியில் பந்தைத்தான் காட்டுகிறார்கள், கோட்டைக் காட்டுகிறார்களில்லை என்பது அவருடைய நெடுநாள் முறைப்பாடு.

2024இல் ஐரோப்பியக் கிண்ணம் நான் இருக்கும் ஜேர்மனியில் நடந்தது. அண்ணனை வரவழைத்தேன். தலைகீழாக நின்றும் ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான் இரண்டு ரிக்கற் கிடைத்தது. ஸ்ருட்காட்டில், ஞாயிற்றுக்கிழமை, டென்மார்க்கும் ஸ்லோவேனியாவும். மற்ற ஊர்களில் வெளியே பெரிய திரையில் பார்க்கலாம் என்று, பத்து நாளைக்கு ஒரு மோட்டர்ஹோமை வாடகைக்கு எடுத்தேன்.

அண்ணன் உள்ளே ஏறினார். குசினி, கட்டில், அலுமாரி எல்லாவற்றையும் திறந்து திறந்து மூடினார். குழாயைத் திருகத் தண்ணீர் வந்ததும் பூட்டி மறுபடியும் திருகிப் பார்த்தார். "இது வாகனமில்லை தம்பி, வீடு" என்றார். வீடென்றால் வீட்டு ஒழுங்கு இருக்கிறதல்லவா? சப்பாத்தோடு ஏறியதற்கு முதல் நாளே ஏச்சு வாங்கினேன். அதன்பிறகு எங்கே நிறுத்தினாலும் எங்கள் சப்பாத்துகள் படிக்குக் கீழே, புல்லில், சோடி சோடியாக இருக்கும். ஆளுக்கு ஒரு சோடிதான் கொண்டுவந்திருந்தோம்.

மியூனிச்சில் முதல் ஆட்டத்தைத் திரையில் பார்த்தோம். சனிக்கிழமை உல்ம் நகருக்குப் பக்கத்தில் இப்படியான வண்டிகள் நிறுத்தும் ஒரு திடலில் தங்கினோம். ஞாயிறு மத்தியானம் அங்கிருந்து வெளிக்கிட்டோம். வெறுங்காலோடு வண்டி ஓட்டுவது எனக்கு ஊரில் பழகியது. வீதி நெரிசலில் ஊர்ந்து ஸ்ருட்காட் வந்துசேர நாலு மணியாகிவிட்டது. இறங்குவதற்குக் கதவைத் திறந்த பிறகுதான் ஒருவரையொருவர் பார்த்தோம். சப்பாத்துகள் வீட்டு வாசலில்தான் இருந்தன. வீடுதான் தொண்ணூறு கிலோமீற்றர் தள்ளி வந்துவிட்டது.

ஜேர்மனியில் ஞாயிறு கடைகள் பூட்டு. திரும்பிப் போய்வர நேரமில்லை. வெறுங்காலோடு மைதான வாசலுக்குப் போனோம். அங்கே நின்ற பெண் எங்கள் கால்களைப் பார்த்தாள், இப்படி உள்ளே விட முடியாது என்றாள். எனக்கு வந்த கோபத்தை அண்ணன்மேல்தான் கொட்டினேன். அவர் தன் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வண்டிக்குத் திரும்பி வந்து மூலைமுடுக்கெல்லாம் தேடினேன். கழிவுத் தொட்டியைக் கழுவுவதற்கென்று வைத்திருந்த றப்பர் பூட்ஸ் ஒரு சோடி அகப்பட்டது. ஒரே ஒரு சோடி. உண்மையைச் சொன்னால், நானே போட்டுக்கொண்டு ஓடத்தான் மனம் உன்னியது. அண்ணனும் அதையே சொன்னார்.

"நீ போ தம்பி. எனக்குப் பாஷையும் தெரியாது. கோட்டை மட்டும் வடிவாப் பாத்து வந்து சொல்லு."

அதைக் கேட்டு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பூட்ஸை அவர் காலடியில் வைத்தேன்.

ஆறு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. நான் வண்டிப் படியில் வெறுங்காலோடு உட்கார்ந்து தூரத்து இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அண்ணன் வட்ஸ்அப்பில் கூப்பிட்டார். முகம் தெரியவில்லை. திரை முழுக்கப் பச்சை, அதன் நடுவில் நடுங்கிக்கொண்டு ஒரு வெள்ளைக் கோடு. அந்த நேரம் பார்த்து மைதானம் அதிர்ந்தது. யார் அடித்தது என்று கத்தினேன்.

"தெரியாது. நீ கோட்டைப் பார்" என்றார். "எத்தினை பேர் மிதிச்சிட்டாங்கள், ஒரு பொட்டும் கலையேல்ல. இப்பிடியொண்டு நான் ஒரு நாளும் போடேல்லயடா."

நானும் பார்த்தேன். இருபது வருடமாக இந்த நாட்டில் எத்தனையோ ஆட்டம் பார்த்திருக்கிறேன், கோட்டை ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க, ஊர் மைதானத்தில் நான் விளையாடிய காலம் ஞாபகம் வந்தது. பந்து வெளியே போனதென்று நடுவர் பிடிக்கக்கூடாதென்று, விளையாட்டுக்கு நடுவே கோட்டைக் குதிக்காலால் தேய்த்து அழிப்போம். அதில் நான் வலு கெட்டிக்காரன். அதை அன்றுதான் அண்ணனிடம் சொன்னேன்.

திரையில் இன்னும் கோடுதான் தெரிந்தது.

"நீ தேய்க்கிறதை நான் கண்டனான்" என்றார் அண்ணன். "அதுதான் நீ விளையாடுற பக்கத்துக்கு எப்பவும் கொஞ்சம் கூடத் தூள் போடுறனான்."