பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போனவர்

அப்போது நான் சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். நாங்கள் போய்வந்த சபை சின்னது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, முப்பது நாற்பது குடும்பங்கள். சுனாமி வந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்கத்தின் நடுவில் நிறுத்தி, "இனிமே நான் மட்டும் பேசினா போதாது. ரெண்டு ரெண்டு பேரா சேர்ந்து வீடு வீடா போய் இயேசுவப் பத்திச் சொல்லுங்க. மைக் வேணாம், நோட்டீஸ் வேணாம். பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட பேசுற மாதிரி பேசுங்க" என்றார்.

எனக்கு ஜோடியாக வந்தது என் மனைவியின் தம்பி. ஆட்டோ ஓட்டுபவன், யாரிடமும் கூச்சமில்லாமல் பேசுவான். நான் அதற்கு நேர்மாறு. கடையில்கூட "எத்தனை காப்பி?" என்பதற்கு மேல் எனக்குப் பேச்சு வராது. வீட்டில் மனைவி சமைக்கும்போது அவள் முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். அவள் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னாங்க, எலக்‌ஷனுக்கு ஓட்டு கேக்கிற மாதிரியே இருக்குது."

மறு வாரம் மாலையில் ரயில்வே லைனை ஒட்டிய தெருவுக்குப் போனோம். முதல் வீட்டுப் பெரியவர் தண்ணீர் கொடுத்தார், எங்களுக்குக் குலதெய்வம் இருக்குதுப்பா என்றார், நல்லபடியாக வழியனுப்பினார். இரண்டாவது வீட்டு வாசலில் ஒரு அக்கா கருவாட்டைப் புடைத்துக்கொண்டிருந்தார். தேவனாம்பட்டினத்துக்காரர். சுனாமிக்குப் பிறகு கடல் பக்கமே இருக்க முடியாமல் கணவரோடு இங்கே வந்து, மார்க்கெட்டில் கருவாடு விற்றுக்கொண்டிருந்தார்.

நான் தயார் செய்து வைத்திருந்ததை ஆரம்பித்தேன். பாதியிலேயே அவர் கேட்டார்: "அந்த ஓடைக்கரை சர்ச்சுதானே? நான் ஏற்கெனவே வந்திருக்கேன் தம்பி."

"எப்பக்கா?"

"மழைக்காலத்துல. ரெண்டு வாரம் வந்தேன். மொத வாரம் பின்னாடி உக்காந்தேன். அது வேற ஒருத்தவுங்க எடம்னு ஒரு அம்மா சொன்னாங்க, செவுத்தோரமா போயிட்டேன். முடிஞ்சதும் எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் கைய குடுத்து தோத்திரம் சொன்னாங்க. என்கிட்ட யாரும் வரல. அடுத்த வாரமும் அப்படித்தான். என் மேல கருவாட்டு வாசனை அடிக்குதோன்னு நெனச்சிக்கிட்டேன். குளிச்சிட்டுத்தான் வந்தேன்."

கோபமே இல்லாமல்தான் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு முகம் சுட்டது. எப்போதும் பேசும் மச்சான் ஆட்டோ சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் மனப்பாடம் செய்ததை விட்டுவிட்டேன்.

"அப்ப எதுக்குக்கா எங்க சர்ச்சுக்கு வந்தீங்க?"

முறத்தைக் கீழே வைத்தார். அலை வந்த நாளில் அவருடைய மாமியார் போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தபோது, எங்கிருந்தோ வந்த ஒரு சர்ச் பெண் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளாம்.

"சாமியப் பத்தி ஒரு வார்த்த பேசல அந்தப் பொண்ணு. மண்ணும் உப்புமா கெடந்த என் தலைய வாரி வுட்டுச்சு. பேரு கேக்கவும் எனக்குத் தோணல. அது கும்பிடுற சாமி எதுன்னு பாக்கணும்னு இருந்தது. அதான் வந்தேன்."

வெகுநேரம் அங்கே இருந்தோம். வாங்க என்று அழைக்க வாய் வரவில்லை. மச்சான்தான் கடைசியில், "எங்க மேலதான்க்கா தப்பு" என்றான். "வுடுப்பா, டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார் அவர்.

போதகரிடம் சொன்னோம். அவர், "இத நீயே ஞாயித்துக்கிழம சபையில சொல்லு" என்றார். சபை முன்னால் நான் பேசியது அதுதான் முதல் தடவை. ஐந்து நிமிஷம்கூட ஆகாது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. ஆராதனை முடிந்ததும், எப்போதும் பின்வரிசையில் உட்காரும் வயதான ஒரு அம்மா என்னிடம் வந்து, "அந்த வூடு எங்க இருக்குது?" என்று மட்டும் கேட்டார். அன்று சாயங்காலமே தனியாகப் போயிருக்கிறார். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போதகரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஆராதனை முடிந்ததும் உடனே கலைந்து போவது நின்றது. மச்சான் ஒரு கேனில் டீ வாங்கிவர ஆரம்பித்தான். புதிதாக யார் வந்தாலும் முதல் டம்ளர் அவருக்கு என்று பெண்கள் பேசி வைத்துக்கொண்டார்கள். முதலில் கொஞ்சம் செயற்கையாகத்தான் இருந்தது. போகப்போக எங்களுக்கே பழகிவிட்டது.

கருவாட்டு அக்கா உடனே வந்துவிடவில்லை. கோடை தொடங்கிய பிறகு ஒரு நாள், இரண்டாவது பாட்டு பாடிக்கொண்டிருக்கும்போது வாசலில் செருப்பைக் கழற்றினார். அந்த வயதான அம்மா பாட்டை நிறுத்தாமலே நகர்ந்து, பாயில் கையால் தட்டிக் காட்டினார். முடிந்ததும் இருவரும் டீயோடு முற்றத்தில் நின்று, நெத்திலி விலை ஜாஸ்தியாகிவிட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கிட்டே போய், "நல்லா இருக்கீங்களாக்கா?" என்றேன். "டீல சக்கர கம்மி" என்றார்.

எனக்குக் கடலூரில் வேலை கிடைத்துப் போகும்வரை அவர் வந்துகொண்டிருந்தார். மார்க்கெட்டில் கூட்டம் அதிகமான ஞாயிறுகளில் வியாபாரத்தை விட முடியாது, வரமாட்டார். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்பதில்லை. மத்தியானத்துக்கு மேல் சபையிலிருந்து இரண்டு மூன்று பேர் மார்க்கெட் பக்கம் போய், அவரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார்கள்.