அரை வரி முந்திய சம்மாட்டியார்

ஞாயிறு பூசைக்கு நான்தான் ஓர்கன் வாசிக்கிறேன். மூன்றாம் வரிசை வாங்கில், கரையில் நின்று கயிறு பிடித்து வலை இழுப்பவர்களை நடத்தும் ஒரு கரைவலைச் சம்மாட்டியார் நிற்பார். கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்க, எந்தப் பாட்டையும் அரை வரி முந்திப் பாடுவார். முழுக் கோயிலும் அவருக்குப் பின்னால் ஓடும். நானும் பாடகர் குழுவும் கடைசியாகப் போய்ச் சேருவோம்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், "அண்ணை, எங்களோடை சேர்ந்து பாடுங்கோவன்" என்றேன்.

"ஒராள் முந்திக் குரல் குடுக்காட்டி வலை கரைக்கு வருமே, மாஸ்டர்?"

போன ஞாயிறு அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. சந்தோசமாக வாசிக்கத் தொடங்கினேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் தரமும் முன்னிசை வாசித்தேன். சம்மாட்டியார் கையை உயர்த்தி, கயிறு இழுப்பதுபோல ஒரு இழுப்பு இழுத்தார்.

கோயில் முழுக்க ஒரே குரலில் பாட்டு எழும்பியது. வழக்கம்போல நான் அரை வரி பின்னால்.