இதில் பாட்டுப் பதியக் கூடாது

என் வண்டியின் இருக்கைக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் ஒரு கேசட்டும், துணியில் முடிந்த ஒரு பிடி அரிசியும். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று யாரோ சொன்னார்கள். கேசட்டின் மேல் ஒட்டிய காகிதத்தில், நீல மையில், ஒரு சிறுமியின் குண்டு எழுத்தில் எழுதியிருக்கிறது: ‘இதில் பாட்டுப் பதியக் கூடாது.’ கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு. அந்தச் சிறுமியை நான் பார்த்ததில்லை. அவள் இறந்தபோது நான் பிறந்திருந்தால் கைக்குழந்தையாக இருந்திருப்பேன். அவளுடைய அப்பாவைத்தான் எனக்குத் தெரியும். சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் எல்லோரும் அவரை டீமேக்கர் என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படித்தான்.

எனக்குச் சொந்த ஊர் பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். தென்னந்தோப்பில் காய் பொறுக்கினேன், பொள்ளாச்சிச் சந்தையில் மூட்டை தூக்கினேன், லாரியில் கிளீனராகப் போனேன், ஏலத் தோட்டத்தில் ஒரு மழைக்காலம் அட்டைக்கடி பட்டுக் கிடந்தேன். எதிலும் நிலைக்கவில்லை. கடைசியில் ஒரு பழைய பிக்கப் வண்டி கைக்கு வந்தது. அதில் பழைய சாமான் வாங்கி விற்கிறேன். எங்கள் பக்கம் இதற்கு ஆக்கிரி என்று பேர். கொழிஞ்சாம்பாறையில் கிளம்பினால் பொள்ளாச்சி, உடுமலை, மூணாறு, சின்னக்கானல், போடிமெட்டு, பிறகு மலை இறங்கிப் போடி. இருட்டிய இடத்தில் வண்டிக்குள்ளேயே படுத்துக்கொள்வேன். வீடு என்று ஒன்று எனக்கு அமையவில்லை. அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெருவில் ராவுத்தர் ஒருவர் ரேடியோ, மிக்சி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கீழே கடை, மாடியில் பைத்தியம் என்று அவரே சொல்லிக்கொள்வார். மாடியில் இருப்பவை பழைய கம்ப்யூட்டர்கள். கடையில் முழுசாக வாங்கியவை அல்ல. ஒரு காலத்தில் தபாலில் எழுதிக் கேட்டால் ஒரு பெட்டி வருமாம். உள்ளே ஒரு வெறும் போர்டு, பொட்டலம் பொட்டலமாகச் சிப்புகள், ஒரு வரைபடம். வாங்கியவரே உட்கார்ந்து ஈயம் உருக்கி ஒவ்வொன்றாகப் பற்ற வைக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால், வீட்டு டிவியோடு சேர்க்கும்போது திரையில் எழுத்து வரும். எழுதியதைச் சேர்த்துவைக்கச் சாதாரணப் பாட்டுக் கேசட்தான். அதை டேப்ரிக்கார்டரில் ஓட்டினால் கீச்சென்று காது கூசும் ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைத்தான் மெஷின் எழுத்தாகப் படித்துக்கொள்ளும். இப்படிக் கிடந்து செத்தவற்றை எழுப்புவதற்காக ஞாயிற்றுக்கிழமைதோறும் மாடியில் கூடுவார்கள். ராவுத்தரும், பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி வரும் கல்லூரி வாத்தியார் ஒருவரும்தான் தவறாமல் வருகிறவர்கள். நான் ஆக்கிரியில் கிடைக்கும் போர்டுகளைக் கொண்டுபோய்க் கொட்டுவேன். “வாடா, எட்டாங்கிளாஸ் இஞ்சினியரு. இன்னிக்கு எந்தூர்க் குப்பைய அள்ளிட்டு வந்தே?” என்பார் ராவுத்தர். அதில் ஒரு சிப்பு தேறினால் எனக்கு மதியச் சோறு அவர் வீட்டில்.

டீமேக்கரை முதலில் பார்த்தது ஒரு தூறல் நாளில். விற்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. வண்டியில் கிடந்த டிவி போர்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய், ஓரம் கரையான் தின்ற ஒரு அச்சுப் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். தபாலில் வந்த அந்த மாதிரிப் பெட்டியில் இருந்த கம்ப்யூட்டர் படம். “தம்பி, இந்த மாதிரி ஒண்ணு எங்கயாச்சும் கண்ணுல பட்டா சொல்லுங்க. ஓடாட்டியும் பரவால்ல” என்றார். கறுப்புக் கட்டை மாதிரி ஒன்று, சதுரப் பித்தான்கள். ராவுத்தரின் மாடியில் அதே சாயலில் வேறு ஒன்றைப் பார்த்திருந்தேன். அதைச் சொன்னதும் அவர் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் பாலில்லாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்தார். ஆயுசு முழுக்கத் தேயிலையோடு இருந்தவர் போட்ட சாயா. சுமாராகத்தான் இருந்தது.

அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மகளும் அவருமாகச் சேர்ந்துதான் அந்த மெஷினைச் சேர்த்தார்களாம். அவர் ஈயம் வைக்க, அவள் வரைபடத்தில் விரல் வைத்து அடுத்தது எது என்று சொல்வாள். பிறகு அவளே புத்தகத்தைப் பார்த்து மெஷினுக்குப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். ஏதோ ஒன்றைப் பல நாளாக எழுதினாள். எட்டிப் பார்த்தால் கையால் திரையை மறைப்பாள். முடிந்ததும் காட்டுகிறேன் என்றாள். முடித்து, கேசட்டில் பதிந்து, அப்பாவின் தொழிற்சாலை ஆட்கள் யாராவது பாட்டுப் பதிந்துவிடப் போகிறார்கள் என்று அந்தக் காகிதத்தையும் ஒட்டினாள். ஞாயிற்றுக்கிழமை காட்டுவதாகச் சொன்னாள். அதற்கு முன்னால் காய்ச்சல் வந்தது. மழையில் போடிமெட்டுச் சாலை அடைபட்டிருந்தது. ஜீப் போடிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தப் பெட்டியின் சூடுதான் பிள்ளையைத் தின்றது, அதை வீட்டை விட்டுத் தூக்கிப் போடு என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். தொழிற்சாலைக்கு வந்த ஒரு லாரிக்காரருக்கு இவர் அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். கேசட் மட்டும் தங்கிவிட்டது. மகள் அதில் என்ன எழுதினாள் என்று அவருக்குத் தெரியாது. சாவதற்குள் அதைப் பார்த்துவிட வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அவர் தேடிய மெஷின் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் மூடிப்போன ஒரு டைப்பிங் இன்ஸ்டிடியூட்டின் பரணில் எனக்குக் கிடைத்தது. உள்ளே பல்லி முட்டை. சிப்புக் கால்களில் பச்சைக் களிம்பு. பித்தான்கள் பாதி இல்லை. ராவுத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது மய்யத்துடா. குளிப்பாட்டலாம், எழுப்ப முடியுமான்னு தெரியல” என்றார். ஆனால் டீமேக்கரின் கதையைச் சொன்னதும் கையில் இருந்த மற்ற வேலைகளையெல்லாம் ஒதுக்கினார். டூத் பிரஷில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தார்கள். சிப்புக் கால்களைப் பென்சில் ரப்பரால் பளபளக்க வைத்தார்கள். இல்லாத சிப்புகளுக்காக நான் கோயமுத்தூர் வரைக்கும் குப்பை கிளறினேன். இரண்டு மழைக்காலம் போனது.

கேசட்டை முதலிலேயே வாங்கி வரச் சொன்னார் ராவுத்தர். அதன் சத்தத்தை லேப்டாப்பில் ஏற்றிவிட்டால் பிறகு பயமில்லை என்றார். டீமேக்கர் தரவில்லை. மெஷின் ஓடட்டும், நானே எடுத்து வருகிறேன் என்றார். “அப்ப ஓட்டவாச்சும் வேண்டாம்னு சொல்லு. பழைய டேப்பு. ஒவ்வொரு தடவை ஓடறப்பவும் கொஞ்சம் உதுந்துரும்” என்று ராவுத்தர் சொல்லி அனுப்பினார். சொன்னேன். சரி என்று தலையாட்டினார். அடுத்த முறை போனபோது வாசலுக்கு வரும் முன்பே அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டது. சரளையில் என் செருப்புச் சத்தம் விழுந்ததும் நின்றுவிட்டது. உள்ளே போனால் டேப்ரிக்கார்டர் கேசட்டைத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் மூடியின் மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

“பாப்பாதான்” என்றார். “போட்டோ இருக்கு. பாவாடை ஒண்ணு இருக்கு. குரல் இல்ல தம்பி. அந்தக் காலத்துல யாரு பதிஞ்சு வச்சா? இது அவ கையால பதிஞ்சது. அவ பேச்சுன்னு எங்கிட்ட இருக்கது இதான்.” மகள் போன நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். மனைவிக்கு அந்தச் சத்தம் ஆகாது. அதனால் அந்த அம்மாள் குடத்தோடு குழாய்க்குப் போகும் நேரம் பார்த்துப் போடுவாராம். காலடி கேட்டதும் நிறுத்தி, முதலுக்குச் சுற்றி, எடுத்து வைத்துவிடுவாராம். மனைவி இறந்து வெகுகாலம் ஆகியும் அந்த நேரத்துக்கு மேல் ஓட விட்டதில்லை, காலடி கேட்டால் கை தானாக நிறுத்துகிறது என்றார். அதற்கு மேல் நான் அவரிடம் ஓட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. ராவுத்தர் சொன்னதைச் சொன்னேன், அவர் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மெஷின் எழுந்துவிட்டது என்று ராவுத்தர் போன் செய்ததும் நான் மேலே போய் அவரைக் கூட்டி வந்தேன். மலை இறங்கி உடுமலை வெயிலுக்கு வந்த பிறகும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. அதற்குள் சட்டைப் பையில் கேசட். வழியெல்லாம் அதில் என்ன இருக்கும் என்றே பேசிக்கொண்டு வந்தார். வாய்ப்பாடாக இருக்கலாம். இல்லை, கப்பல். கடலையே பார்க்காத பிள்ளை, எப்போது பார்த்தாலும் கப்பல் வரைந்துகொண்டிருப்பாள். “கப்பலாத்தான் இருக்கும்” என்று பொள்ளாச்சி தாண்டும்போது முடிவாகச் சொன்னார்.

ராவுத்தர் எந்தப் பழைய மெஷினுக்கும் நேராகக் கரண்ட் கொடுக்க மாட்டார். நடுவில் ஒரு குண்டு பல்பைக் கோப்பார். உள்ளே எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் பல்பு பளீரென்று எரியும், மெஷின் தப்பிக்கும். அன்றைக்கும் கோத்தார். பல்பு ஒரு நொடி சிவந்து அடங்கியது. டிவியில் கட்டம் ஒன்று விட்டுவிட்டு மின்னியது. டீமேக்கர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே, ஒற்றை விரலால் கேசட்டைப் படிக்கும் கட்டளையை அடித்தார். இத்தனை வருஷமாக அது அவர் விரலில் இருந்திருக்கிறது. ராவுத்தர் டேப்பை ஓட்டினார். சத்தம் வந்தது. டீமேக்கர் அந்தச் சத்தத்துக்குத் தலையாட்டினார். திரையில் பிழை என்று வந்தது.

மறுபடி ஓட்டினார்கள். சத்தத்தைக் கூட்டி, குறைத்து, வேறு டேப்ரிக்கார்டரில் மாற்றி. திரையில் அதே வார்த்தை. ராவுத்தர் பஞ்சுக் குச்சியால் டேப்ரிக்கார்டரின் முனையைத் துடைத்துப் பார்த்தார். டேப்பிலிருந்து உதிர்ந்த தூளில் பஞ்சு செங்கல் நிறத்தில் வந்தது. அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

“ஈரமுங்க. மலைக்காட்டு ஈரம் டேப்பைத் தின்னுருமுங்க. யாரு என்ன பண்ண முடியும்” என்றார்.

கல்லூரி வாத்தியார் அதற்குள் சத்தத்தை லேப்டாப்பில் ஏற்றி அலை அலையாக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். திரையைப் பார்த்தால் பக்கத்தில் இருக்கும் மனிதர்களை மறந்துவிடுவார். “ஈரம்னா முழுசும் போயிருக்கணுமே பாய். இது முன்னாடி மட்டும்தான் தேஞ்சிருக்கு. கடைசிப் பக்கம் புதுசாட்டம் இருக்கு” என்றார்.

ராவுத்தர் அவர் காலை மிதித்ததை நான் பார்த்தேன். பயனில்லை. டீமேக்கர் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. மின்னிக்கொண்டிருந்த கட்டத்தைப் பார்த்தபடி, “பாப்பாவோட அம்மா தண்ணிக்குப் போய்ட்டு வர்ற நேரம்” என்றார். பிறகு இன்னொரு தடவை, மெதுவாக, “அம்புட்டு நேரம்தான்” என்றார்.

வாத்தியார் சாயங்காலம் வரைக்கும் விடவில்லை. தேயாத கடைசிப் பகுதியிலிருந்து ஒரே ஒரு வரியைப் பிரித்து எடுத்தார். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். முப்பதாம் வரிக்குத் திரும்பிப் போ என்று மெஷினுக்குச் சொல்லும் வரி. அவள் எழுதியதில் கடைசி வரி.

“முப்பதுல என்ன இருக்கு சார்?” என்றார் டீமேக்கர்.

“அது கிடைக்கலீங்க. முன்பக்கம் எதுவுமே கிடைக்கலீங்க.”

அவர் சரி என்றார். கேசட்டைக் கேட்டு வாங்கிப் பைக்குள் வைத்து, ஸ்வெட்டர் பித்தானைப் போட்டுக்கொண்டார். ராவுத்தர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்துவிட்டு எழுந்தார். திரும்பும் வழியெல்லாம் பையின் மேல் கை வைத்தபடி வந்தார். சின்னக்கானலில் இறங்கும்போது, வண்டிக்கு டீசல் போட்டீர்களா என்று கேட்டார்.

அதன்பிறகு நான் போனபோதெல்லாம் வீடு அமைதியாக இருந்தது. சரளையில் வேண்டுமென்றே மெதுவாக நடந்து போய்க் கேட்டுப் பார்த்திருக்கிறேன். டேப்ரிக்கார்டரின் மேல் துணி போர்த்தியிருந்தார். இனித் தேய்ந்தால் என்ன, மிச்சம் என்ன இருக்கிறது என்று சொல்லலாம். அவரிடம் சொல்லவில்லை. ராவுத்தரிடம் ஒருநாள் சொன்னேன். ஒரு மிக்சியின் திருகைத் திருகிக்கொண்டே, “அந்த மெஷின நாம எழுப்பாமயே இருந்திருக்கலாம்டா” என்றார்.

கடைசியாகப் பார்த்தபோது டீமேக்கர் கேசட்டை என் கையில் கொடுத்தார். அவருக்கு இருமல் அதிகமாகியிருந்தது. “இங்க ஒரே ஈரம். நீங்க வெயில் ஊருக்காரரு, காஞ்ச இடமாப் பார்த்து வைங்க” என்றார். ஈரம் என்று அவர் சொன்னபோது முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. அடுத்த மழை விட்ட பிறகு நான் மேலே போனபோது, அவர் இறந்துவிட்டதைப் போடிமெட்டுச் சாயாக்கடையில் சொன்னார்கள். வீட்டில் வேறு யாரோ குடி வந்திருந்தார்கள். டேப்ரிக்கார்டர் என்ன ஆனது என்று விசாரித்தேன். ஆக்கிரிக்காரன் எவனோ கொண்டுபோனான் என்றார்கள்.

ராவுத்தரின் மாடியில் அந்த மெஷின் இன்னும் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை போனால் கட்டம் மின்னுவதைப் பார்க்கலாம். வாத்தியார் அதில் ஏதாவது விளையாட்டு ஏற்றி வைத்திருப்பார். கேசட்டை மாடியிலேயே வைத்துவிடச் சொன்னார் ராவுத்தர். டீமேக்கர் என்னிடம் கொடுத்ததால் நானே வைத்திருக்கிறேன். காய்ந்த இடம் என்று எனக்கு எது இருக்கிறது? கொழிஞ்சாம்பாறையில் வண்டி அடுப்பாகக் காய்கிறது, போடிமெட்டில் டின்னுக்குள்ளும் பனி இறங்குகிறது. மாசம் ஒருமுறை அரிசியை மாற்றுகிறேன். நேற்று மாற்றும்போது பார்த்தேன். மை பாதிக்கு மேல் வெளுத்துவிட்டது, ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அவள் அவ்வளவு பயந்திருக்க வேண்டியதில்லை. கடைசி வரைக்கும் யாரும் அதில் பாட்டுப் பதியவில்லை.