ஊதாச் சடைக்காரி என்ன நிறம்?

பட்டாசு லேபிள் வரைவது விசித்திரமான தொழில். நாம் கண் வலிக்க வரைந்த முகத்தை ஜனங்கள் காசு கொடுத்து வாங்கிக் கிழித்துப் போடுவார்கள். சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் பதினான்கு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். அடுத்தவர் சொன்னதை வரைந்தே பிழைக்கும் என் இனத்தாரே, இந்த சீசனில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

கை போன போக்கு

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் மத்தாப்பு கம்பெனி வைத்திருக்கும் அண்ணாச்சி வந்தார். அவர் வீட்டுப் பிள்ளைகள் சோறு தின்னும்போதும் ஜப்பான் கார்ட்டூன்தானாம். கம்பி மத்தாப்புப் பெட்டிக்கு அதே பாணியில் புதுசாக ஒரு பெண் முகம் வேண்டும் என்றார். எனக்கு ஒரே குஷி. தமிழ் பேசும் அந்த ஜப்பான் கார்ட்டூனை, அதாவது அனிமேயை, பள்ளி நாளிலிருந்து பார்க்கிறவள் நான். அதில் ரோஷக்காரியாக ஒருத்தி வந்தால் அது நான்தான். அவள் முடி நீலமா பச்சையா, ஊர் எது என்றெல்லாம் தோன்றியதே இல்லை.

வரைய உட்கார்ந்தேன். பெரிய கண், ஊதா நிறத்தில் ரெட்டைச் சடை. முகத்துக்கு நிறம் என்று வந்ததும் கை தானாக வெளிறிய ரோஸுக்குப் போனது. ஏன் அப்படிப் போகிறது? ஜப்பானில் பார்க்கிறவர்களுக்கு அவள் அந்த ஊர்க்காரி, எனக்கு அவள் நான்; அப்புறம் என் நிறத்தில் இருந்தால்தான் என்ன? இத்தனை வருஷத்தில் என் நிறத்தில் ஒரு முகத்தைக்கூட அச்சுக்கு அனுப்பியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. என் கருப்பையே கொடுத்தேன்.

அண்ணாச்சி திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சாம்பிள் அடித்துப் பார்ப்போம், சரிவராவிட்டால் ரோஸ் முகம்தான் என்று முடிவாயிற்று. போகும்போது சொன்னார்: "முடி ஊதாவா இருக்கலாம், முகம் கருப்பா இருக்கப்படாதாக்கும்னு கேப்பீக. கேளுங்க, ஆனா பெட்டி ஓடணும்லா?"

மிஷின் அண்ணனின் திருத்தம்

சாம்பிள் தாள் வந்தது. பவுடரை அப்பினாற்போல் வெளுத்திருந்தாள் என் பெண். மிஷினுக்கு ஓடினேன். மிஷின் ஓட்டும் மாரியப்பன் அண்ணன் நிதானமாக விளக்கினார். முகம் கருத்தால் மை கூடிவிட்டது என்று அர்த்தமாம். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து முகத்தைப் பார்த்துத்தான் மையைக் குறைக்கிறாராம். இத்தனைக்கும் அவர் என்னைவிட இரண்டு பங்கு கருப்பு. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் எந்த வாயால் திட்டுவது? என் கையும் அதைத்தானே செய்யப் பார்த்தது.

மை கூடவில்லை அண்ணே, இவள் நிறமே இதுதான் என்று தாளின் மேல் என் கையை வைத்துக் காட்டினேன். பக்கத்தில் தன் கையையும் வைத்து வெகுநேரம் பார்த்தார். "அப்பம் இதைப் பாத்தே ஓட்டிருதேன். நீ எதுக்கு இங்கன நிக்க? போயி சாப்பிடு தங்கச்சி."

பாக்கிங் ஷெட்டில் ஓட்டு

இப்படியாக முதலில் வெளுத்து வந்த வெள்ளையில் ஒரு கட்டு, திருத்தி அடித்த கருப்பில் ஒரு கட்டு என்று சாம்பிள் பெட்டிகள் தயாராகிவிட்டன. அண்ணாச்சி இரண்டையும் கம்பெனிக்கு எடுத்துப்போய், மத்தாப்பு அடைக்கும் பெண்களிடம் எது ஓடும் என்று கேட்டார். நானும் போயிருந்தேன். அத்தனை பேரும் என் நிறம். அத்தனை பேரும் வெள்ளைப் பெட்டியைக் கைகாட்டினார்கள். அண்ணாச்சிக்கே என் முகத்தைப் பார்க்கச் சங்கடமாகிவிட்டது போல. பேச்சை மாற்ற, ஆளுக்கொரு சாம்பிள் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

கருப்புப் பெட்டிகள் கண்மூடித் திறப்பதற்குள் காலி. கிடைக்காத ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சண்டைக்கே போய்விட்டாள். இப்போதுதானே வெள்ளை என்றீர்கள் என்று அண்ணாச்சி திகைத்தார். செல்லத்தாய் என்ற அக்கா பெட்டியை மடியில் பத்திரப்படுத்திக்கொண்டே சொன்னார்: "நீங்க விக்கதுக்குத்தான கேட்டீக? எங்க வீட்டுக்கு எதுன்னு கேக்கலயே."

மிச்சம் கிடந்த வெள்ளைப் பெட்டிகளை அண்ணாச்சி எண்ணிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "வாங்குதவுகளும் வீட்டுக்குத்தான கொண்டு போறாக. கருப்பையே அடிச்சிருங்க."

ஆக, ஜப்பான் பாணிப் பெண்ணை நம் ஊர்க்காரியாக்கும் காரியம் நல்லபடியாக முடிந்தது, அவளை வரைந்தவளுக்குத்தான் அன்று வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு வெள்ளைப் பெட்டி கிடைத்தது.