பந்திக்கு எழாத அக்கா

எங்கள் சர்ச்சில், நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம், மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் வாங்கும் பந்தி. முந்தின நாள் சாயந்தரம் ஆயத்த ஆராதனை. அதற்குப் புறப்படும் முன் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் சமையலறை வாசலில் அக்கா வந்து நிற்பது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. "என் மேல ஏதாவது வருத்தம் இருக்கா கண்ணு? இருந்தா சொல்லிடு. நாளைக்குப் பந்திக்குப் போகணும்." யாருக்காவது நம்மேல் வருத்தம் இருந்தால் அதைத் தீர்க்காமல் பந்திக்குப் போகக் கூடாது என்பது அவள் நியமம். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் அல்ல, என் கணவருடைய அண்ணன் மனைவி. மைசூரில் பன்னிமண்டபம் பக்கம் ஒரே வீட்டை நடுவில் தடுத்து இரண்டு குடித்தனமாக இருந்தோம். தொண்ணூறுகளின் தொடக்கம். கல்யாணமான புதிதில் எனக்கு இந்தக் கேள்வி வேஷமாகத்தான் பட்டது. குழம்பில் புளி கூடிப்போனதற்கெல்லாமா மன்னிப்புக் கேட்பார்கள்? "ஒண்ணுமில்லக்கா" என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

அந்த வருடம் மே மாதம் ஈரோட்டில் என் அம்மா இறந்துபோனாள். செய்தி நடுப்பகலில் கீழ்வீட்டு ஓனரம்மாவின் போனுக்கு வந்தது. போய் எடுத்தவள் அக்கா. எனக்கு அப்போது ஏழாவது மாதம். சொன்னால் இவள் தனியாகப் பஸ் ஏறிவிடுவாள், வழியில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, ஆண்கள் ஃபாக்டரியிலிருந்து வரும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. ஆறு மணிக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த நாட்களில் சாமராஜநகர் தாண்டிக் காட்டுப் பாதையில் இருட்டிய பிறகு பஸ் கிடையாது. விடிந்ததும் கிளம்பி மதியம் போய்ச் சேர்ந்தோம். வெயில் காலம், உடம்பு தாங்காது என்று காலையிலேயே அடக்கம் செய்துவிட்டிருந்தார்கள். அம்மா முகத்தை நான் பார்க்கவில்லை.

ஜூன் மாதச் சனிக்கிழமை அக்கா வழக்கம்போல வாசலில் வந்து நின்றாள். கேட்டு முடிப்பதற்குள் நான் சொன்னேன்: "இருக்கு. எங்கம்மா முகத்தப் பாக்க விடாமப் பண்ணிட்டீங்க. சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்." அவள் வாதாடவில்லை. "தப்புதான் கண்ணு. பயத்துல பண்ணிட்டேன். மன்னிச்சுக்கோ" என்றாள். "முடியாது" என்றேன்.

மறுநாள் எங்கள் வரிசை திருவிருந்துக்கு எழுந்தபோது அக்கா எழவில்லை. முழங்காலை ஒதுக்கி எனக்கு வழிவிட்டாள். நான் போய் மண்டியிட்டு, அப்பத்தையும் திராட்சரசத்தையும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்குள் 'நல்லா வேணும்' என்றுதான் இருந்தது. அடுத்த மாதமும் அப்படியே. மாதர் சங்கச் செயலாளரே பந்திக்குப் போகவில்லையாம், உள்ளே என்ன பாவமோ என்று கோயில் வாசலில் பேச்சு கிளம்பியது. ஐயர் அம்மா, எங்கள் போதகரின் மனைவி, கூப்பிட்டே கேட்டார்கள். "இன்னும் ஆயத்தமாகலைம்மா" என்றாளே தவிர, என் பெயரை எடுக்கவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் மானம் தப்பியிருக்கும். பக்கத்தில் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றேன்.

ஜூலையில் குழந்தை பிறந்தது. தாயில்லாத எனக்குத் தாய் செய்ய வேண்டிய அத்தனையையும் அக்காதான் செய்தாள். வெந்நீர் ஊற்றினாள், பூண்டுக் குழம்பு வைத்தாள், தீட்டுத் துணிகூட அலசிப் போட்டாள். செய்யட்டுமே, கடன்பட்டவள்தானே என்று நான் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். சனிக்கிழமை வந்தால் வாசலில் நின்று என்னைப் பார்ப்பாள். நான் அடுப்பைப் பார்ப்பேன்.

நவம்பர் முதல் ஞாயிறு. எங்கள் வரிசை எழும்போது குழந்தை விழித்துக்கொண்டு சிணுங்கினான். அக்கா இரண்டு கையையும் நீட்டினாள். அவளிடம் கொடுத்துவிட்டுப் போனேன். மண்டியிட்டு உள்ளங்கையை ஏந்தினால் அதில் குழந்தையின் சூடு இன்னும் இருக்கிறது. என் பிள்ளையை நம்பிக் கொடுத்துவிட்டு வந்தவளை நான்தானே பந்திக்கு வரவிடாமல் உட்கார்த்தி வைத்திருக்கிறேன்? எங்கள் இருவரில் ஆயத்தமில்லாதவள் யார்? ஐயர் எனக்கு இரண்டு பேர் தள்ளி வந்துவிட்டார். நான் எழுந்து திரும்பி நடந்தேன். கோயில் முழுக்க என்னையே பார்த்தது. எனக்குக் காதெல்லாம் எரிந்தது.

"என்னாச்சு கண்ணு?"

"நீங்களும் வாங்கக்கா."

"மனசாரச் சொல்றியா?"

அந்த இடத்தில் நின்றுகொண்டு பொய் சொல்ல வரவில்லை. "மனசார இன்னும் வரலக்கா. அம்மா ஞாபகம் வந்தா வயிறு எரியுது. ஆனா இனிமே உங்கள உக்கார வெக்கமாட்டேன். வாங்க."

அக்கா குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டாள். அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் மைசூர், பதறினால் கன்னடம் கலந்துவிடும். "ஸ்வல்ப இரு, குழந்தைக்குத் தொப்பி கட்டிடறேன்" என்றாள்.

நல்ல பாட்டுப் பாடி மனம் இளகினால் அதுதான் ஆயத்தம் என்று அதுவரை நினைத்திருந்தேன். என் மனம் இளக அதற்குப் பிறகும் நாலைந்து வருடம் ஆயிற்று. கர்த்தர் அத்தனை நாளும் என்னைப் பொறுத்துக்கொண்டார். அவருக்கும் அக்காவுக்கும் நான் நன்றி சொல்லி மாளாது. இப்போது அவளுக்கு மூட்டுவலி, என் வீட்டு வாசல்வரை வர முடியாது. சனிக்கிழமைகளில் நான்தான் போய் அவளிடம் கேட்கிறேன்.

அந்த நவம்பர் ஞாயிறன்று நாங்கள் பந்திக்குப் போவதற்குள் எல்லா வரிசையும் முடிந்து, ஐயர் அப்பத் தட்டை வெள்ளைத் துணியால் மூடிவிட்டிருந்தார். குழந்தையோடு இரண்டு பேரும் மண்டியிட்டதைப் பார்த்தார். துணியை விலக்கினார். முதலில் அக்காவின் கையில்தான் வைத்தார். ஐந்து மாதம் எனக்காகப் பட்டினி கிடந்த கை அது.