இரண்டாம் சரணத்துக்கு முந்தின சுரம்

வங்கித் தேர்வுப் பயிற்சியை விட்டுவிட்டு, பாளையங்கோட்டையில் வீட்டு மாடியிலேயே இசைப்பதிவு வேலையைத் தொடங்கினாள் ஸ்டெபி. என் சித்தி மகள். அவளைவிட நான்தான் அதிகம் பயந்தேன். கனடாவில் இருந்துகொண்டு வாரம் தவறாமல் "வேல வருதா?" என்பேன். "வருதுண்ணே, நீங்க தூங்குங்க" என்பாள்.

வாசிக்க ஆளில்லாத கிறிஸ்தவ சபைகளுக்குப் பாட்டுகளைக் கீபோர்டில் பதிந்து, திருத்திக் கொடுப்பதுதான் வேலை. பென்டிரைவைச் செருகினால் சபை பாடலாம்.

சீவலப்பேரிப் பக்கத்துச் சபையில் வாசித்துவந்த பாக்கியசீலனுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல். போகுமுன் எல்லாப் பாட்டையும் ஸ்டெபியிடம் வாசித்துக் கொடுத்துவிட்டுப் போனார். இது எடுபட்டால் சுற்றுவட்டாரச் சபைகளும் அவளைத் தேடி வரும். சொதப்பினால் மறுபடி வங்கித் தேர்வுதான் என்று சித்தப்பா சொல்லிவிட்டார்.

ஊரே சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு முந்தின நாள் ஒத்திகை. விடுமுறையில் வந்திருந்த நானும் போனேன். பாக்கியசீலன் மென்மையாக வாசித்த இடமெல்லாம் பழைய ஸ்பீக்கரில் கேட்காது, எல்லாச் சுரத்தையும் ஒரே சத்தமாக்கு என்று சபைச் செயலாளர் அப்பாத்துரை முன்பே கறாராகச் சொல்லியிருந்தார். வேண்டாமென்றாள், அவர் கேட்கவில்லை. அப்படியே செய்து கொண்டுவந்திருந்தாள்.

முதல் சரணம் முழங்கியது. இரண்டாவதைப் பாதிப் பேர் தொடங்கிவிட்டார்கள், பாதிப் பேர் காத்திருந்தார்கள். பின்வரிசையில் ஒருவர் முதல் சரணத்தையே மறுபடி எடுத்தார்.

"ஏட்டி, என்னத்தக் கொண்டாந்திருக்க? ரயில் வருதுன்னு ஸ்டேஷன்ல சொல்லுத மாதிரில்லா இருக்கு!" என்றார் அப்பாத்துரை.

ஸ்டெபி சிரித்தாள்.

"நீங்க கேட்டது இதான மாமா. பாக்கியசீலன் அண்ணன் கடைசி வரிய பைய விட்டு, அடுத்த சரணத்துக்கு முந்தின சுரத்த மட்டும் ஒரு அமுக்கு அமுக்குவாவ. அதக் கேட்டுத்தான் எல்லாரும் மூச்சு எடுப்பிய. அதையும் சேத்துல்லா சமமாக்கச் சொன்னிய!"

மடிக்கணினியைப் பெஞ்சில் வைத்து, பாக்கியசீலன் வாசித்த அசலைத் திறந்தாள். ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே ஒரு குச்சி. கட்டையை எவ்வளவு பலமாக அழுத்தினாரோ அவ்வளவு உயரம். அடியில் கிடந்தவற்றை மட்டும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினாள். அவற்றுக்குள் குட்டையும் நெட்டையுமாக இருந்தது அப்படியே இருந்தது. அந்தக் கூட்டம் மட்டும் கொஞ்சம் மேலே வந்தது, அவ்வளவுதான். சரணத்துக்கு முந்தின அந்தக் குச்சி இன்னும் மற்றவற்றுக்கு மேலே தலை நீட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"இப்பப் பாடுங்க."

கடைசி வரி தணிந்தது. தணிந்தும் பின்வரிசை வரை கேட்டது. அந்த ஒரு சுரம் விழுந்ததும் எல்லாரும் மூச்சிழுத்த சத்தம். இரண்டாம் சரணம் ஒரே வாயாக எழுந்தது.

சந்தோஷம் தாங்காமல் ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டி வைக்கக் கை நீட்டினார் அப்பாத்துரை. அவர் மனைவி சாரம்மாள் அந்தக் கையில் ஒரு போடு போட்டார்.

"சும்மா இரிங்க. அங்கன பாக்கியசீலன் தம்பி கை இருக்கு. உங்க கைய வைக்காதிய."

மறுநாள் அசனப் பந்தியில் பக்கத்து ஊர்ச் சபைக்காரர் ஒருவர் ஸ்டெபியைத் தேடி வந்தார். "எங்க ஊர்ல வாசிக்கவரும் ஊர விட்டுப் போறாவ பிள்ள. ஆனா அவுக வாசிப்புல ஒரே அவசரம். அதையும் சரியாக்குவியா?"

"அவசரம் அவுக கூடப் பிறந்தது, அது இருக்கட்டும். கேக்காத எடத்த மட்டும் கேக்க வைக்கேன்."

பக்கத்து இலையில் இருந்த சித்தப்பா, வங்கித் தேர்வைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கினார்.