ஆயுதம் ஏற்றிய டிராக்டர்

மந்திரி வருகிறார் என்று பாலசமுத்திரத்துத் தேவானந்தம் பேப்பர் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. விடிந்ததும் கானிஸ்டேபிள் துலுக்காணம் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினால், சித்தூருக்கு யாரோ பெரிய மனுஷர் வருகிறார் என்று அர்த்தம். அந்தப் பெரிய மனுஷர் திரும்பிப் போகிறவரை தேவானந்தம் வீட்டைவிட்டு நகரக் கூடாது. இட்லி வைத்தால் ஜெபம் முடியும்வரை காத்திருந்து, ஆமென் சொல்லிவிட்டுத்தான் துலுக்காணம் கைவைப்பார். சபையில் பாதிப் பேருக்கு அந்தப் பொறுமை கிடையாது.

இந்த மரியாதை சும்மா கிடைக்கவில்லை. போன சீசனில் மாம்பழக் கூழ் ஃபேக்டரிகள் விலையைப் பாதாளத்தில் இறக்கியபோது, ரைத்து சங்கத்து விவசாயிகள் தோத்தாபுரி மாங்காயை ஹைவேயில் கொட்டினார்கள். சங்கத்தின் மண்டலச் செயலாளர் தேவானந்தம் மைக்கைப் பிடித்து, "ஆம்புலன்ஸுக்கு வழி விடுங்கப்பா" என்று கத்தினார். வீடியோவில் வாய் திறந்தது மட்டும் தெளிவாக விழுந்தது. போலீஸ் போட்ட கேஸில் முதல் குற்றவாளி அவர்தான்.

அப்புறம் வாய்தாவுக்கு வாய்தா சங்கம் இளைத்தது. கூடவே கோஷம் போட்ட ஸ்டீவன், மகனுக்கு பாஸ்போர்ட் வேண்டும் என்று ஒதுங்கிக்கொண்டார். இன்னொருத்தர் மருமகனுக்கு ஸ்ரீசிட்டி கம்பெனியில் வேலை. கடைசியில் கொடியும் தேவானந்தமும் மிஞ்சினார்கள். கொடியை அவர் மனைவி ஜெயசீலி துவைத்து டிராக்டர் சீட்டுக்கு உறையாகத் தைத்துவிட்டாள். அவரும் ஏன் என்று கேட்கவில்லை. போராட்டம் போதும், இந்த வருஷம் காய் விற்றால் சரி.

போலீஸுக்கு மட்டும் அவர்மேல் நம்பிக்கை குறையவே இல்லை.

அன்றைக்குத் துலுக்காணம் செருப்பைக் கழற்றியபோது, டிராக்டர் நிறையப் பழுத்த தோத்தாபுரி. காய் இறக்க ஃபேக்டரி கொடுத்த டோக்கன் அன்று சாயங்காலத்தோடு செத்துவிடும்.

"இன்னா சார், இன்னிக்குன்னு பாத்தா வருவ? எறக்கிட்டு வந்துர்றேன். வேணும்னா நீயும் ஏறி குந்திக்கோ."

துலுக்காணம் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். எஸ்.ஐ.யின் தெலுங்கு கலந்த குரல் முற்றம்வரை கேட்டது. "டிராக்டர் நெறைய மாங்காயா? குதரது, குதரது! முடியாது! போன வருஷம் ரோட்ல கொட்டினது இன்னா, பூவா? ஆயுதத்த ஏத்திக்கினு ஊர்வலம் போவணுமா அவுருக்கு?"

"இத்த ஆயுதம்னா, நாங்க ஊறுகா போட்டுத் துன்றது இன்னா சார், வெடிகுண்டா?" என்றாள் ஜெயசீலி.

துலுக்காணம் சிரித்தார். எழுந்திருக்கவில்லை.

மேகமூட்டம் என்று மந்திரியின் ஹெலிகாப்டர் கிளம்பவே இல்லையாம். அது துலுக்காணத்துக்குத் தெரியவந்தபோது இருட்டிவிட்டது.

மறுநாள் காலையில் ஃபேக்டரி கேட்டில் வாட்ச்மேன் டோக்கனைத் தொடக்கூட இல்லை. "நேத்தோட முடிஞ்சிது. பழமும் கொழகொழன்னு ஆயிப்போச்சே, யாரு எடுப்பா?"

டிரெய்லர் இரவல், அன்றே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஈக்களோடு ஊர் திரும்பிய தேவானந்தம், தன் தோப்போரம் ரோட்டுப் பள்ளத்தில் பழத்தையெல்லாம் தள்ளினார். கோஷம் இல்லை, மைக் இல்லை. ஸ்கூட்டரில் போன யாரோ படம் எடுத்தார்கள். மத்தியானம் எல்லார் போனிலும் ஓடியது: 'மறுபடியும் மாம்பழப் போர்.'

சாயங்காலம் துலுக்காணம் வந்தார். செருப்பைக் கழற்றவில்லை.

"கெளம்புண்ணா."

"நான் போராடல சார். கொட்ட வேற எடம் இல்ல."

"தெரியும்ணா."

"அப்ப நீயே சொல்லேன்! நேத்தெல்லாம் எங்கூடத்தான இருந்த?"

"எனக்கு பென்ஷன் வரணும்ணா," என்றார் துலுக்காணம், முற்றத்தைப் பார்த்துக்கொண்டே.

ஜீப் கடைத்தெருவில் மெதுவாகப் போனது. டீக்கடை நிழலில் ஸ்டீவன். யாரும் பார்க்கவில்லையே என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, முஷ்டியை மார்பளவுக்கு உயர்த்தினார்.

"விடாதண்ணா!"

விட்டாயிற்றே, அதைத்தானே இவர்களிடமும் சொன்னேன் என்று தேவானந்தத்துக்கு வாய்வரை வந்தது. ஜீப் தாண்டிவிட்டது. உள்ளங்கையில் காய்ந்திருந்த மாம்பழப் பிசினைச் சுரண்டிக்கொண்டே போனார்.